இடது புருவம்

மணப்பெண்ணின் இடது புருவத்தில்
அரிசி அகலத்துக்கு ஒரு சந்து விழுந்துவிட்டது.
பதினாறு வருஷமாக இந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன்,
பல்லில் நூலோடு. இப்படி ஆனதே இல்லை.
பென்சிலால் தீட்டி, காசு வாங்காமல் அனுப்பிவிட்டு
டோரதி லியாங் கதவைச் சாத்தினாள்.
திட்டுவாள் என்று நின்றேன்.
"கண்ணைக் காட்டு" என்றாள், இந்தியில்.
எங்கள் நடுவில் எப்போதும் இந்திதான்,
அதுவும் மஜ்காவ் இந்தி, இலக்கணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டியது.

மறுநாள் திங்கள், பார்லருக்கு விடுமுறை.
பின்னறையில் ஒற்றை அடுப்பு, சுவரில் ஹேர் டிரையர்.
ஆட்டீரல் கால் கிலோ, நாக்பாடா பாய் கடை.
முறைப்படி பன்றி ஈரல்தானாம்,
மாடி ஜன்னல்களை உத்தேசித்து ஆடு.
ஊறவைத்தோம். சிவப்பு, நூல் நூலாகப் பிரிந்து வந்தது.
மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். நாலாவதில்தான்
சட்டியின் அடி தெரிந்தது.

சாமந்தி வேண்டும் என்று முந்தின ராத்திரியே சொல்லியிருந்தாள்.
தாதரில் இறங்கி இரண்டு முழம் வாங்கி வந்திருந்தேன்.
ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"இது சாமி கழுத்துக்கு, எசக்கி.
வயிற்றுக்குப் போனால் பாதி பூச்சி மருந்து."
அவள் டப்பாவில் வேறு சாமந்தி, சுண்டி உலர்ந்தது.
வெந்நீரில் ஊறிய பிறகுதான்
அதைப் பூ என்றே நம்பினேன்.
என் முழத்தை வீணாக்கவில்லை,
கல்லாவுக்கு மேலிருக்கும் சிவந்த முகத் தாடிக்காரச் சாமிக்குச் சாத்திவிட்டாள்.

அப்புறம் அந்தச் சிவப்புப் பழம்.
மிளகாய் வற்றல் குட்டி போட்ட மாதிரி இத்தனூண்டு.
கடித்தால் இனிப்பு, முடிவில் லேசாகக் கசப்பு.
கொல்கத்தாவிலிருந்து சித்தி மகன் அனுப்பிய பாக்கெட்.
எப்போது போடவேண்டும்? மறந்துவிட்டதாம்,
பின்பக்கம் இருக்கும், பார் என்றாள்.
தூரத்தில் பிடித்தேன், கிட்டத்தில் பிடித்தேன்,
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
"இது சீனத்தில் இருக்கு, டோரதி."
"அதான் எனக்கும் தெரியவில்லை."
"கண்ணா?"
"கண்ணில்லை. படிப்பு. அப்பா என்னைப் பைகுல்லா கான்வென்டில் போட்டார்."

சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன்.
தாராவியில் தமிழ்ப் பள்ளி இருக்கத்தான் இருந்தது,
என்னைச் சேர்த்தது இந்தியில்.
மாட்டுங்கா கோயில் பலகை எனக்கு
வெறும் சுழி, கொம்பு, புள்ளி.
இதைக்கூட நான் எழுதவில்லை.
ஃபோனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.
ஈரல் என்றால் ஈரம் என்று போடுகிறதாம்,
அக்கா மகள் திருத்தித் தருகிறாள்.

கடைசியில் கைக்கணக்குதான்.
தட்டிய இஞ்சி முதலில். ஈரல் விறைப்பதற்குள்
பழம் இரண்டு பிடி, பூத்தண்ணீர், மூடி.
தாளிப்பு கிடையாது, மிளகு கிடையாது.
என் கை அஞ்சறைப் பெட்டியைத் தேடித் தேடி
மடிக்குத் திரும்பியது.
உப்பு என் கிண்ணத்துக்கு மட்டும் ஒரு சிட்டிகை, சலுகை.

குடித்தோம்.
ஊதிப்போன பழம் நாக்கில் உடைந்தது.
"எத்தனை நாளைக்கு?"
"எங்கம்மா ஆயுசுக்கும் குடித்தாள்."
"அவளுக்குக் கண் எப்படி இருந்தது?"
"அறுபதில் இரண்டிலும் புரை. அறுத்து எடுத்தார்கள்."
சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கி
மீதியையும் குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை, ஸ்டேஷன் வாசலில்
நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கினேன்.
மூக்கில் கனத்தது. ஆனால் புருவமுடி ஒவ்வொன்றும்
நட்ட நாற்று மாதிரி தனித்தனியாக நின்றது.
"எப்படி?" என்று டோரதி குனிந்தாள், முகத்துக்கு முகம்.
அப்போதுதான் பார்த்தேன்.
அவள் வலது கருவிழியில்
சோறு வடித்த கஞ்சி போல ஒரு கலங்கல்.

அடுத்த திங்கள் ஈரல் நான் வாங்கி வருகிறேன் என்றேன்.
அதற்கு முன்னால், காலையில், பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்.
எதற்கு என்றாள்.
ஏழரைக்கே வரிசை நீண்டுவிடும் என்றேன்,
சீக்கிரம் கிளம்பு.