வலைக்கண்

ஏற்காட்டில் கடல் இல்லை.
இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே
நான்கு நாட்டுக் கொடிகளை ஒரே பூச்சாடியில் செருகி
கடலைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம்.
எட்டாம் வளைவில் ஒருமுறை, பதினான்காம் வளைவில் ஒருமுறை
வண்டியை நிறுத்தி வாந்தியெடுத்த பேசாலைச் சம்மாட்டி குரூஸ்
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"நாற்பது வருசம் கடலில. ஒருநாளும் இப்பிடி வந்ததில்ல."

நான் மொழிபெயர்ப்பவள்.
துர்காப்பூர் உருக்காலையிலிருந்து சேலம் உருக்காலைக்கு
அப்பா மாற்றலாகி வந்தபோது
லாரியில் கண்ணாடிச் சாமான் முழுக்க உடைந்தது.
என் வாயிலிருந்த வங்காளம் மட்டும்
கீறலின்றி வந்து சேர்ந்தது.
நீச்சல் தெரியாது.
எனக்குக் கடல் என்பது
சூரமங்கலம் மார்க்கெட்டில் ஐஸ் உருகி
செருப்புக்கடியில் ஓடும் தண்ணீர்.

மூன்றாம் அம்சம்: வலைக்கண்ணின் அளவு.
குல்னாவிலிருந்து வந்த தஹ்மினா அதற்கு
"ஃபாஷ்" என்றாள்.
கூண்டுக்குள் ஒரு நொடி எனக்கு நாக்கு நின்றுவிட்டது.
சுருக்குக் கயிற்றுக்கும் அதே சொல்,
கழுத்தை நுழைக்கிற வளையத்துக்கும்.
சிங்களத்தில் நம்மைப்போல் கண் என்றுதான் சொல்வார்கள் என்றாள்
அடுத்த கூண்டுச் சந்தமாலி.
ஒரே ஓட்டை.
ஒரு கரையில் அது பார்க்கிறது,
இன்னொரு கரையில் இறுக்குகிறது.
பிறகுதான் உறைத்தது:
கண்ணுக்குப் பக்கத்திலேயே
கண்ணி என்றொரு சொல்லை
நாமும் முடிந்து வைத்திருக்கிறோம்.
"நாற்பது மில்லிமீட்டர்" என்று மட்டும்
ஒலிவாங்கியில் சொன்னேன்.
எண்கள் எந்த மொழியிலும் சீக்கிரம் கரையேறிவிடுகின்றன.

மாலத்தீவு ஷகீபுக்குப் பேச அதிகம் இல்லை.
ஒரு தூண்டில், ஒரு சூரை, அவ்வளவுதான் என்றார்.
அப்படிப் பிடித்தால் உலகத்துக்குப் போதுமா என்று
யாரோ கேட்டார்கள்.
"உலகம் கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடட்டும்."

மதியச் சாப்பாட்டில் மேட்டூர் அணையின் கட்லா.
பெயரைக் கேட்டதும் தஹ்மினா நிமிர்ந்தாள்.
அவள் ஊர் ஆற்றிலும் அந்த மீன், அதே பெயர்.
பரிமாறிய அங்கமுத்து விடவில்லை:
"எங்க மீனுங்க. எங்கப்பன் காலத்துலருந்தே எங்க மீனு."
ஒரு எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தேன்.
"எங்களுடையதும்" என்று
தலையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

அக்கரைப்பேட்டை அஞ்சப்பனுக்கும்
குரூசுக்கும் நான் தேவையில்லை.
இரண்டு பேர் வாயிலும் தமிழ்.
ஆனாலும் மூன்று நாளாக
அவர் தலைவரைப் பார்த்துச் சொல்ல
இவர் தலைவரைப் பார்த்துப் பதில் சொல்ல
தலைவரோ தமிழ் தெரியாத மாலத்தீவுக்காரர்.
அறுந்த வலைத்துண்டு ஒன்று
தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே கிடந்தது.
அது யார் படகு இழுத்து அறுந்தது என்பது
நிகழ்ச்சி நிரலில் இல்லை.

கடைசி இரவு லேடீஸ் சீட்டில் நின்றோம்.
கீழே சேலம்.
இருட்டில் ஆயிரமாயிரம் விளக்கு.
"எத்தன போட்டு!" என்றார் அஞ்சப்பன், யாரிடம் என்றில்லாமல்.
"லைட்டுப் போட்டுப் பிடிக்கிறாங்கள். தடையெல்லோ?"
குரூஸ்தான் அது.
சிரித்தார்களா, இருமினார்களா, பனியில் தெரியவில்லை.
"எத்தனை நாள் எங்கட பக்கம் வராம இருப்பீங்கள்?"
"கடன்காரன் எத்தன நாள் பொறுப்பான்னு கேளுங்க."
"எனக்கும் கடன்தான்."
பனி ஏறி வந்து
படகுகளை ஒவ்வொன்றாக அணைத்தது.
காதில் கருவி இல்லாமல், வேலை இல்லாமல்
நான் நின்றுகொண்டிருந்தேன்.

காலையில் அச்சாகி வந்த தாளில்
நாற்பது என்ற எண்ணைச் சதுர அடைப்புக்குள் வைத்திருந்தார்கள்.
இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அதற்குப் பொருள்.
நான்கு மூலை, நான்கு முடிச்சு.
உள்ளே இருந்தது சின்ன எண்.
நழுவிப் போகவும் கூடும்.

இறங்கும்போது பதினான்காம் வளைவில்
குரூசுக்கு முகம் வெளுத்தது.
முன் இருக்கையிலிருந்து அஞ்சப்பனின் கை
திரும்பிப் பார்க்காமலே
ஒரு எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டியது.