இலவசச் சோதனை வியாழனோடு முடிகிறது

டிசம்பர் பாதி தாண்டியும்
டுலூத்தில் ஏரி உறையவில்லை.
பள்ளிப் பேருந்தின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்கிறாள்
வெர்னா ஹௌகோஸ்.
பனிவண்டியை விற்ற பணமும்
வரியில் திரும்பி வந்ததும் சேர்த்து
ஆறாயிரத்து இருநூறு டாலர்.
எந்தப் பங்கில் போடலாம் என்று சொல்ல
திரையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.
மூவருக்கும் சந்தா வேண்டும்.

முதலாமவர் நட்சத்திரம் விற்பவர்.
ஒன்றிலிருந்து ஐந்துவரை,
ஓட்டல் அறைகளுக்குப் போடுவதுபோல.
ஆண்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

இரண்டாமவர் கடிதம் எழுதுகிறார்.
‘அன்புள்ள வெர்னா’ என்று தொடங்குகிறார்;
கட்டியவன்கூட அப்படி எழுதியதில்லை.
ஊர் விழிக்குமுன் அவளை மட்டும் எழுப்பிவிடுவாராம்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது,
இன்றிரவுக்குள் என்றால் பாதி.
நேற்றும் இன்றிரவாகவே இருந்தது.

மூன்றாமவருக்குப் பேச்சு கிடையாது, அட்டவணைதான்.
பத்தாண்டு வரவு, பத்தாண்டு கடன்,
எறும்பு வரிசையாய் எண்கள்.
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மின்கட்டண உறையின் முதுகில்
கணக்குப் போட்டுப் பார்க்கிறாள்:
நூற்றுக்கு எட்டு.
வாங்கும் பங்கு எட்டு ஏறினால்தான்
நின்ற இடத்திலேயே நிற்பாள்.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
அவள் சுண்டைக்காயைக் கண்டதில்லை.
சுமைகூலி புரிகிறது.

சரி, ஒரே கேள்வியை மூவரிடமும் கேட்போம் என்று
சாலைக்கு உப்பு விற்கும் கம்பெனியின் பெயரை அடிக்கிறாள்.
ஐந்து நட்சத்திரம்.
விடியுமுன் விற்றுவிடு, அன்புள்ள வெர்னா.
நியாய விலை நாற்பத்தொரு டாலர் முப்பத்தேழு காசு.
முப்பதோடு நிற்காத அந்த ஏழு காசை
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்து உப்புக் குவியலை
நாளுக்கு நான்கு முறை கடப்பவள் அவள்.
கறுப்புத் தார்ப்பாய், பறக்காமலிருக்கப் பழைய டயர்கள்.
போன டிசம்பரில் கடித்த ரொட்டிபோல்
ஒரு பக்கம் குழிந்திருந்தது.
இந்த முறை அப்படியே இருக்கிறது.
இது எந்த அட்டவணையிலும் இல்லை.
ஆனால் அது அந்தக் கம்பெனியின் உப்புதானா?
அது அவளுக்கும் தெரியாது.

புதன்கிழமை, காலைப் பயணத்துக்கும் மாலைப் பயணத்துக்கும் நடுவே,
நூலகத்தில் இமோஜின் க்விஸ்ட் சொன்னாள்:
‘இதெல்லாம் இங்கேயே இருக்கிறதே. காசு வேண்டாம்.
உன் அட்டைதான் முடங்கிக் கிடக்கிறது.’
தொலைந்த டைனோசர் புத்தகம் ஒன்று,
பதினெட்டு டாலர் பாக்கி.
தொலைத்தவன் இப்போது ஃபார்கோவில் வெல்டர்,
இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.
கட்டினாள்.
நூற்றுக்கு முப்பது காசுக்கும் குறைவு.

தடித்த கோப்பில் உப்புக் கம்பெனிக்கு ஒரே தாள்.
சிறிய எழுத்து, பழைய விலைகள்,
போன ஆண்டு நாங்கள் சொன்னது பலிக்கவில்லை
என்று ஒரு வரி.
கடைசியில்: குளிர்காலத்தைப் பொறுத்தது.
அவள் வாய்விட்டுச் சிரித்ததில்
பக்கத்து மேசைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

வியாழன் இரவு ரத்து செய்ய உட்கார்ந்தாள்.
ஏன் பிரிகிறீர்கள் என்று கேட்டார் கடிதக்காரர்.
கட்டங்களில் எதுவும் பொருந்தவில்லை.
‘பிற’ என்பதில் ‘உப்பு’ என்று எழுதினாள்.
குறைந்தது பத்து எழுத்து வேண்டுமாம்.
உப்பு உப்பு உப்பு உப்பு.
அட்டவணைக்காரர் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.
நட்சத்திரக்காரரை மட்டும்
தொலைபேசியில்தான் ரத்து செய்ய முடியும்,
வேலை நேரத்தில், ஒன்பதிலிருந்து ஐந்து.
மணி பதினொன்றே முக்கால்.

ஆக, நூற்றுத் தொண்ணூற்றொன்பது போயிற்று.

வெள்ளி விடியலில் பனி கொட்டியது.
பின்னால் பதினோரு பிள்ளைகள்,
முன்னால் உப்பு லாரி.
சிதறிய பரல்கள் பேருந்தின் முகத்தில்
சடசடவென்று மோதின.
ஏறுமா?
துடைப்பானை ஒரு படி கூட்டினாள்.
இன்னும் ஒரு பங்கும் வாங்கவில்லை.