குளிசை உறையின் பின்பக்கம்

டொக்டர்மாரின் கையெழுத்தைத்
தலைகீழாய்ப் பிடித்தாலும் வாசிப்பேன்.
மழை விட்டபின் மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி
ஒரு கோடு, முடிவில் ஒரு புள்ளி:
அமொக்சிசிலின், ஐந்து நாளைக்கு.
சுன்னாகம் சந்தைக்கு எதிரே
பதினொரு வருசமாய் இந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால்
நிற்கிறேன், பிழைத்ததில்லை.

அச்சில், கறுப்பாய், வடிவாய் இருந்த ஒரு சொல்தான்
என்னை விழுத்தியது.

அட்டை இல்லாத நாவல்.
வாசலில் கச்சான் விற்கிற தயாநிதி
சரை சுற்றக் கிழித்துக்கொண்டிருந்தான்.
பதினேழாம் பக்கத்தில் மறித்து வாங்கினேன்,
ஒரு காட் பனடோலுக்கு.
எழுதினவர் யார், கதைக்குப் பெயர் என்ன,
அதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் யாரோ
தின்று எறிந்தாயிற்று.

'கச்சான் எழும்பப் போகுது, வள்ளத்தைத் தள்ளாதே'
என்று அதில் ஒருவன் கத்துகிறான்.
எழும்புமா?
செம்மண்ணில் வளர்ந்தவள் நான்.
கச்சானைப் பிடுங்கத் தெரியும், வறுக்கத் தெரியும்,
உப்புப் போட்டு அவிக்கத் தெரியும்.
அது எழும்பி வந்து ஆளைத் தாழ்க்கும் என்று
ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இருமல் பாணிகளுக்குப் பின்னால்
முதலாளியின் மகன் சோதனைக்கு வாங்கிப்போட்ட அகராதி.
மேல்காற்று, என்றது.
திரும்பிப் போய் அந்தப் பக்கத்தை வாசித்தேன்.
இப்போது வள்ளம் ஆடியது.

அன்று தொடங்கிய பழக்கம்.
குளிசை உறையின் முன்பக்கம்:
காலை 1, பகல் 0, இரவு 1.
பின்பக்கம்:
அணியம், வள்ளத்தின் முன்பகுதி.
சவள், தண்டு வலிக்கிற கோல்.
நாளுக்கு மூன்று சொல், சாப்பாட்டுக்குப் பின்.

களங்கண்ணி கிடைக்கவில்லை.
களங்கம் இருந்தது, களஞ்சியம் இருந்தது.
சொல்லை எழுதிக் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.
சனிக்கிழமைச் சன நெரிசலில்
அந்த உறை யாருக்கோ போய்விட்டது.

அடுத்த மாதம் கொண்டுவந்தாள்,
சந்தையில் மீன் விற்கிற பாசையூர் எமலின்.
'என்ரை மனுசன் பயந்துபோனார், பிள்ளை.
முப்பது வருசமாக் களங்கண்ணி கட்டுறன்,
அதாலயோ எனக்குப் பிரஷர்,
டொக்டர் கண்டுபிடிச்சிட்டாரோ எண்டு
இரவிரவா நித்திரை இல்லை.'

சிரித்து முடிய, பில்லின் ஓரத்தில் கீறிக் காட்டினாள்.
பரவைக்கடலில் வரிசையாய்த் தடி நட்டு,
தடியோடு வலை கட்டி, ஒரு வாசல் விட்டு.
உள்ளே போன மீனுக்கு
வந்த வாசல் பிறகு தெரியாதாம்.
அவளுடைய விரலில் செதில் ஒட்டியிருந்தது.
பில்லிலும் ஒன்று.

பிறகு உறையைத் திருப்பி அவள் கேட்டாள்:
'சாப்பாட்டுக்கு முன் எண்டு குத்தியிருக்கு.
எவ்வளவு முன்?
அவர் கடலாலை வந்து சாப்பிடுறது
சில நாள் பதினொண்டு, சில நாள் நாலு.'

நான் வாய் திறந்தேன், பிறகு மூடினேன்.
ஒரு நாளைக்கு இருநூறு தரம்
ரப்பர் முத்திரையால் குத்துகிற சொல்.
அதற்குப் பொருள் தேடியதே இல்லை.

கடைசி அத்தியாயத்தில் இப்போது நிற்கிறேன்.
'கடலில் நிழவு விழுந்து கிடந்தது.'
அகராதியில் இல்லை.
எமலினுக்கும் தெரியாது, அவள் மனுசனுக்கும்.
அச்சுப்பிழை, என்கிறார் முதலாளி
கணக்குக் கொப்பியிலிருந்து தலை தூக்காமல்,
நிலவாக இருக்கும், இல்லையென்றால் நிழலாக.

எது?
வள்ளம் கரைக்கு வந்ததா என்று தெரிந்தால்
சொல்லிவிடலாம்.
தயாநிதி முதலில் உருவியது
கடைசித் தாளைத்தான்.

புது உறை ஒன்றில் எழுதினேன்:
நிழவு.
பொருளுக்கு இடம் விட்டு
லாச்சிக்குள் தனியாக வைத்திருக்கிறேன்.
சனிக்கிழமைகளில்
அதன் மேல் கத்தரிக்கோலைப் பாரமாய் வைக்கிறேன்,
ஆருக்கும் போய்விடாமல்.