இணைப்பு ஒன்பது

கோபுரத்தைத் தொண்ணூற்று மூன்று மீட்டர் நகர்த்த
நாற்பத்தொரு பக்கம்.

காங்கயத்துக்கு மேற்கே
எங்கள் ஒலிபரப்புக் கட்டடத்தின் சுவரில்
சிவப்பு மையில் ஒரு கூட்டல் குறி போட்டுவிட்டுப் போனது
நாலுவழிச் சாலை. மாசியில்.
பங்குனியில் பொக்லைன்.
இடையில் கிடைத்த பதினெட்டு நாளில்
ஆண்டனாவை இறக்கி, தூசி தட்டி,
கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு
நேர் வடக்கே, மூடிக்கிடந்த அரிசி ஆலை மாடிக்கு ஏற்றினோம்.
ஏற்றினோமே தவிர
வாய் திறக்க முடியாது.
உரிமம் இருக்கிற இடத்தில் கட்டடம் இல்லை,
கட்டடம் இருக்கிற இடத்துக்கு உரிமம் இல்லை.

'மாற்றம் கோருவதற்கான காரணம்'
என்று கேட்டது கட்டம்.
இருநூற்றைம்பது எழுத்துக்குள்.
எழுதினேன்:
காலை ஐந்தரைக்குக் கொப்பரை விலை சொல்லுவோம்,
ராத்திரி ஷிப்டு முடிகிற நூல்மில் பெண்களுக்கு
வேன் எந்தக் கேட்டில் நிற்கிறதென்று சொல்லுவோம்,
பரஞ்சேர்வழிப் பக்கம் எருமை காணாமல் போனால்
கொம்பு வளைவு முதல்கொண்டு சொல்லுவோம், பிறகு
எண்ணிக்கை சிவப்பாகிவிட்டது.
எல்லாவற்றையும் அழித்து
'சாலை விரிவாக்கம்' என்று போட்டேன்.
இடைவெளி சேர்த்து ஒன்பது எழுத்து.
கட்டம் ஏற்றுக்கொண்டது.

சித்திரை வெயிலில் ஆய்வாளர் வந்தார்.
இளநீரை வேண்டாமென்றவர்
மாடியில் நின்று கையளவு கருவியைப் பார்த்தபடி,
"மேடம், மூணு செகண்ட் தப்பா இருக்கு."
எங்களுக்கு மூன்று செகண்ட் என்றால்
காற்றில் சத்தமில்லாமல் போவது.
நாலாவதில் போன் அடித்துவிடும்.
அவருடைய செகண்ட் தரையில் கிடக்கிறது:
அட்சரேகையில் ஒன்று, முப்பத்தொரு மீட்டர்.
கணக்குப் போட்டுப் பார்த்த சுகந்தவல்லி
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
பழைய இடத்தின் எண்களையே
புதிய இடத்திலும் தட்டியிருக்கிறாள்.
நாங்கள் கேட்டிருந்தது,
இருந்த இடத்திலிருந்து
இருந்த இடத்துக்கே மாற அனுமதி.
அங்கே இப்போது ஜல்லி கொட்டிக் கிடக்கிறது.

ஆகவே, விண்ணப்பத்தைத் திருத்தக் கோரும் விண்ணப்பம்.
கட்டணம் தனி.

அந்த வாரம்தான் மாராத்தாள் கூப்பிட்டது,
நத்தக்காடையூர்க் கொப்பரைக் களத்திலிருந்து.
"ஏனுங்க, பொட்டி கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு
நூத்தம்பது குடுத்து ரிப்பேரு பண்ணீட்டனுங்க.
இன்னும் நீங்க வர்லீங்களே?"

என்ன சொல்வது.
பில் இருக்கிறதா என்றேன்.
படம் எடுத்து அனுப்பினாள், மஞ்சள் தாள்:
சுவிட்ச் புதுசு, சுத்தம் செய்தது, கூலி.
கெட்டுப்போகாத ஒரு பெட்டிக்கு.

பட்டியலில் இணைப்பு எட்டோடு முடிகிறது,
கட்டட உறுதிச் சான்று, வரைபடம், ஆட்சேபணையின்மை என்று.
நான் ஒன்பதைச் சேர்த்தேன்.

ஆனி பிறந்து தில்லியிலிருந்து பதில்.
'இடமாற்றம் பரிசீலனையில் உள்ளது.
இணைப்பு 9 கோரப்படவில்லை.
நீக்கிவிட்டு மறுபடி சமர்ப்பிக்கவும்.'

நீக்கினேன்.
அன்றைக்குப் பொழுதோடு அவளைக் கூப்பிட்டு
நூற்றைம்பதை நானே தந்துவிடுகிறேன் என்றேன்.
எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவதென்று
யோசித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அட, அதெல்லா வேண்டாமுங்க.
முந்தியெல்லா இரைச்சலும் கரகரன்னு வரும்.
இப்பச் சுத்தமா வருதுங்க,
அக்கட்டால எங்கியோ மழ பேயறாப்பல.
நீங்க பேசற எடத்துலதா
முள்ள வெச்சிருக்கறனுங்க, அசைக்கறதில்ல."

கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தோம்.
மூன்று செகண்டுக்கு மேலேயே இருக்கும்.

"அது கெடக்குது," என்றாள்,
"இன்னைக்குக் கொப்பரை என்ன வெலைங்க?"