தன்மை ஒருமை

வினிப்பெக் பெரியாஸ்பத்திரியில்
எனக்குச் சொல்லித் தந்த முதல் விதி:
'அவர் சொல்கிறார்' என்று தொடங்காதே.
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்'.
கூட்டாதே, குறைக்காதே, சுருக்காதே.

பதினொரு வருடமாக
எனக்கு இல்லாத நோயில்லை.
திங்கள் காலை எனக்கு மூலம்.
மத்தியானம் ஏழு மாதக் கர்ப்பம்.
புதிதாய் வந்த டொக்டர் ஒருவர் ஒருமுறை
நோயாளியை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி
'எப்போதிருந்து?' என்றார், மிகுந்த இரக்கத்தோடு.

இன்னொன்றும் அங்கேதான் கண்டேன்.
வலி கூடும்போது முதலில் கழன்று போவது
படித்து வாங்கிய மொழி.
முப்பது வருடம் இங்கிலீஷில் கணக்கெழுதியவர்
ஸ்கான் மேசையில் 'அம்மா' என்கிறார்.
பிறகு அதுவும் போகும்.
மிஞ்சுவது ஒரு மூச்சு. அதை
எப்படிப் பெயர்ப்பது என்று
எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

புதன்கிழமைகளில், உக்ரேனியரிடம் இரவல் வாங்கிய
கோயில் நிலவறையில் எங்கள் மன்றாட்டு.
பிலோமினா அக்கா கோப்பித் தகரத்தைக் குலுக்குவா.
ஆளுக்கொரு துண்டு. கிடைத்த பெயருக்கு
ஏழு நாள் நீயே வாய்.
சென்ற புதன் எனக்கு விழுந்தது:
'கிறகோரி. கிட்னி.'

கிறகோரி.
எங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு கல்கரிக்கு ஓடியவன்.
பதினெட்டுப் பேர். என் பங்கு மட்டும்
ஒன்பதாயிரத்து நானூறு டொலர்.
துண்டை மாற்றலாமா என்று கேட்டேன்.
பிலோமினா அக்கா தகரத்தை மூடிவிட்டு
தேத்தண்ணி ஊற்றப் போனா.

ஆறு நாள் அது கோட்டுப் பையில் கிடந்தது,
திறப்புக்கும் இருமல் இனிப்புக்கும் நடுவில்.
பரிந்து பேசுதல் என்கிறார்கள்.
பேச்சு என் தொழில். பரிவுக்கு எங்கே போக?
கூரையைப் பிரித்து, கட்டிலோடு ஒருவனை
அவர் முன்னால் இறக்கினார்களே நாலு பேர்,
அந்த நாலில் ஒருவனுக்காவது
அவன் கடன் வைத்திருக்க மாட்டானா?
கயிற்றை விடாமல் பிடித்திருக்கிறானே.

செவ்வாய் இரவு, மைனஸ் முப்பத்துமூன்று.
ஆஸ்பத்திரித் தரிப்பிடத்தில், எஞ்சின் உறையாமல்
வயர் செருகிய காருக்குள் தொடங்கினேன்:
ஆண்டவரே, அவனுடைய கிட்னி.
அடுத்த வசனம் தானாகக் காசுக்குப் போனது.
மறுபடி: ஆண்டவரே, அவன்.
மறுபடி காசு.
மன்றாட உட்கார்ந்தவள்
சாட்சிக் கூண்டில் நிற்கிறேன்.
அவருக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும்.
துண்டும் வேண்டாம் அவருக்கு, நானும் வேண்டாம்.
பிறகேன் என்னை இந்தக் குளிரில்.

தொண்டையைச் செருமினேன், வேலையில் செய்வதுபோல.
ஆண்டவரே, என் கிட்னி இரண்டும் போய்விட்டன.
வாரத்தில் மூன்று நாள் என் இரத்தம்
என்னைவிட்டு வெளியே போய்க் கழுவி வருகிறது.
நான் பதினெட்டுப் பேரின் காசை எடுத்தேன்.
அதில் ஒருத்தி
இந்த இடத்தில் குரல் நின்றது. யாருடைய குரல் என்று
கேட்டால் சொல்லத் தெரியாது.
எனக்குப் பயமாயிருக்கிறது, என்றேன்.

அது துண்டில் இல்லை.
கூட்டக்கூடாது என்பது விதி. கூட்டிவிட்டேன்.

மன்னித்தாயா என்று கேளாதீர்கள்.
காசு காசுதான். நாளைக்குத் தந்தால் வாங்குவேன்,
எண்ணியும் பார்ப்பேன்.

செருகியதைக் கழற்றாமலே காரை எடுத்திருக்கிறேன்.
போர்ட்டேஜ் வீதிச் சிவப்பு விளக்கில்
பக்கத்துப் பிக்கப்காரன் ஹோர்ன் அடித்தான்.
அந்தக் குளிரில் கண்ணாடியை முழுக்க இறக்கி
தலையை வெளியே நீட்டி
என் காரின் மூக்கைச் சுட்டிக் காட்டினான்:
அறுந்த வயர், பனியில் இழுபட்டபடி.
என்னவோ கத்தினான். கேட்கவில்லை.
பச்சை விழுந்தும் அவன் போகவில்லை,
நான் இறங்கி அதைச் சுருட்டும்வரை.