இன்னும் பிறக்காதவன் கையெழுத்து

தொண்ணூற்று நான்கு.
அந்த எண் வரைக்கும் ஓடி வந்து
நின்றுவிடுகிறது பச்சைக் கோடு.
பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு சிறு சன்னல்:
நிறுவ இயலவில்லை.
ஏன் என்று கேட்டால்
எட்டு இலக்கத்தில் ஓர் எண்ணை நீட்டுகிறது.
வெண்ணெய் திரளும் நேரம் பார்த்துத் தாழி உடைப்பதை
இந்த மென்பொருள் எவரிடம் கற்றதோ.

குதாயிசியில் இரவு பதினொன்று.
ரியோனி ஆற்றுப் பக்கத்துக் கண்ணாடியில் மழை.
நாளை பதினைந்தாம் தேதி,
குராமின் ரொட்டிக்கடை வரிக்கணக்கு போயாக வேண்டும்.
எனக்கோ கடவுச்சொல் தட்டவே கை வரவில்லை.
மூன்று நாளாகத் திரையின் ஓரத்தில்
எவளோ ஒருத்தி சிரித்துக்கொண்டு வந்து
எனக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது என்கிறாள்.
பின்னால் நிற்கும் காரில்
சக்கரம் மூன்றுதான் தெரிகிறது.

அதற்குத்தான் இந்தப் புதிய காவலாளி.
காசு கட்டியாயிற்று. ஆள் வாசற்படியில்.

முதலில் பழையவனைச் சந்தேகித்தேன்.
ஓர் உறையில் இரண்டு கத்தி கூடாதே.
நீக்கு என்றேன், போனான்.
போனவன் செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தான்,
மூன்று கோப்புறைகளில்,
ஒன்றின் பெயரில் எழுத்துப்பிழை.
அதையும் தேடி அழித்தேன்.
தொண்ணூற்று நான்கு.

அணைத்தேன். தேநீர் குடித்தேன். ஏற்றினேன்.
நிர்வாகியாக இயக்கவும் என்றது குறிப்பு.
மின்கட்டணம் கட்டுகிறவள் நான்,
கூரை ஒழுகும் இடத்துக்கு வாளி வைக்கிறவள் நான்,
இந்த வீட்டில் வேறு எவர் நிர்வாகி?
இருந்தாலும் நீதானா என்று கேட்டது.
நானேதான் என்று அழுத்தினேன்.
தொண்ணூற்று நான்கு.

கோபத்தில் சுட்டியைத் தள்ளினேன்.
அம்புக்குறி போய் விழுந்தது வலது மூலையில்.
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
அதிகாலை மூன்றே கால்.

எத்தனை மாதமாய் அங்கே இருந்ததோ.
மின்சாரம் போய் வரும்போதெல்லாம்
பெட்டி அந்த ஒரு நாளுக்கே திரும்பி ஓடியிருக்கிறது.
சுவரில் நாள்காட்டி மாட்டியிருக்கும் நான்
அந்த மூலையை எதற்குப் பார்க்கப்போகிறேன்.

புதியவன் கொண்டுவந்த சான்றிதழில்
போன ஆண்டின் முத்திரை.
பெட்டியின் கணக்கில் அவன் இன்னும் பிறக்கவே இல்லை.
பிறக்காதவன் கையெழுத்தை எப்படி ஏற்கும்?
செய்தது சரிதான்.
நாளைய தேதி போட்ட ரசீதை
வரி அலுவலகத்தில் என் முகத்துக்கே
திருப்பித் தந்திருக்கிறார்கள்.

இணைப்பைப் பிடுங்கி, பெட்டியைப் படுக்கவைத்து,
வெண்ணெய்க் கத்தியால் திருகு கழற்றினேன்.
உள்ளே பூனைமுடி அளவுக்குத் தூசு
(வீட்டில் பூனை இல்லை),
ஒரு சூரியகாந்தி விதைத் தோல்,
நடுவில் நாணயம் போல ஒரு மின்கலம்,
எப்போதோ செத்தது.

இந்த நேரத்தில் எந்தக் கடை.
சமையலறைத் தராசைக் கவிழ்த்தேன்.
அதே வட்டம். அதே எண்.
காலையில் மாவைக் கண்ணால் அளந்துகொள்ளலாம்.

தேதி திருத்தும் கட்டம்.
ஆண்டுகளை ஒவ்வொன்றாய்த்தான் ஏற்ற முடிகிறது.
பத்து. பதினொன்று.
பன்னிரண்டில் மெதேயா வார்சாவுக்கு விமானம் ஏறினாள்.
பதினைந்தில் இந்த அறைக்கு வண்ணம்;
ஓட்டார் மஞ்சள் என்றான், நான் வெள்ளை என்றேன்,
இன்னும் பாதிச் சுவர் அப்படி, பாதி இப்படி.
பத்தொன்பதில் விரல் நின்றது.
கொஞ்ச நேரம் நின்றது.
ஏன் என்று பெட்டியும் கேட்கவில்லை.
பிறகு விறுவிறுவென்று
இன்று வரைக்கும் தட்டிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூற்று நான்கு.
மூச்சு விடவில்லை.
தொண்ணூற்று ஐந்து.

நள்ளிரவு தாண்டிப் பணியில் சேர்ந்தான் புதியவன்.
கார்க்காரியைப் பிடித்தான், கூட்டாளிகள் ஆறு பேரையும்.
பிறகு வீடு முழுக்க மோப்பம் பிடித்துவந்து
குராமின் வரவுசெலவுக் கோப்பில் நின்று
சந்தேகத்துக்குரியது என்றான்.

எனக்கும்தான் தம்பி,
எத்தனையோ வருடமாக.