நாற்பது சொற்களுக்கு மிகாமல்

ஜியாலஜி, எண்பத்தெட்டு. இருபத்து மூன்று பேர்.
வரும் ஞாயிறு ஏற்காட்டில் கூடுகிறோம்.
அதற்குள் மலர் அச்சாக வேண்டும்.
வேலை, குடும்பம், உடல்நிலை,
நாற்பது சொற்களுக்கு மிகாமல் எழுதுங்கள் என்று
கேட்டவள் நான்தான்.
வந்த தாள்களை அஸ்தம்பட்டி அச்சகத்தில்
மின்விசிறி கலைத்துவிடாதபடி
ஒரு வெள்ளைக்கல் கட்டியை மேலே வைத்துத்
திருத்திக்கொண்டிருக்கிறேன்.

சவுண்டப்பன் மஸ்கட்டிலிருந்து
நூற்றுப் பன்னிரண்டு சொல் அனுப்பியிருக்கிறான்.
எண்பது, அவன் வீட்டுத் தரையில் பதித்த கல்லைப் பற்றி.
நம்ம பக்கத்துக் கருங்கல்தானாம்,
இத்தாலி போய்ப் பாலிஷ் ஆகி வந்ததாம்.
காலையில் வெறுங்காலோடு அதில் நிற்பானாம்.
வெட்ட மனம் வரவில்லை.

இருசப்பன் ஒரே சொல்: இருக்கேன்.
போன் போட்டேன்.
இன்னும் முப்பத்தொன்பது பாக்கி இருக்கேடா என்றேன்.
சவுண்டப்பன் கேட்பான், அவனுக்குக் குடு என்றான்.
பின்னால் கோழிகள், அழுது முடித்த ஒரு குழந்தை,
மேச்சேரிச் சந்தைக்கு ஆள் கூப்பிடும் ஸ்பீக்கர்.
நிம்மதியாய் இருக்கிறான் என்று பட்டது.
ஆனால் அது அவன் எழுதியது இல்லை.

மெர்சி புளோரா, ஆத்தூரில் தலைமையாசிரியை, ஓய்வு.
கணவர் இல்லை என்று முடித்திருக்கிறாள்.
இறந்தாரா, பிரிந்தாரா, வரவே இல்லையா,
மூன்றுக்கும் இடம் இருக்கிறது அந்தச் சொல்லில்.
கேட்கவில்லை.
விட்டுப்போன முற்றுப்புள்ளியை மட்டும் வைத்தேன்.

ரத்தினவேலின் குவாரிக்கு சீல் வைத்தது
கனிமவளத் துறை அக்பர் பாஷா.
வழக்கு ஒன்பது வருஷம் நடந்தது.
இருவரும் தனித்தனியே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்:
எங்களுக்கு ஒரே அறை போதும்.

தேவராசு பெயரில் வந்த தாளில் வேறு கையெழுத்து.
அவர் போய் ஆறு வருஷம்.
பேங்க் தவிர அவர் பேருக்கு வந்த
முதல் கடிதம் உங்களுடையது.
மலைக்கு அவருக்குப் பதிலாக நான் வரலாமா?
பதினேழு சொல்.
எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

முப்பத்து மூன்று வருஷம் ஆயுள் காப்பீடு,
இறப்புக் கோரிக்கைப் பிரிவு.
ஒரு படிவத்தில் மனிதரை முடிக்க
எத்தனை கட்டம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த சுரங்கக் கம்பெனி
உள்ளே பெண்கள் இறங்கக் கூடாது என்று
சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டியது.
பக்கத்தை மடித்து வேறு வைத்திருந்தார்கள்.
சட்டம் மாறிவிட்டதாகப் பேப்பரில் படித்தேன்,
மூட்டுக்கு ஊசி போட்டுக்கொண்ட வாரம்.

அச்சகத்துப் பையன் தட்டுவடை செட் வாங்கி வந்தான்.
பீட்ரூட் சிவப்பு, மெர்சியின் ஓரத்தில் ஒரு கறை.
கடைசிப் பக்கத்தில் இரண்டு அங்குலம் காலிக்கா,
பூ டிசைன் போட்டுடட்டுமா என்கிறான்.
வேண்டாம், இரு.

அவன் பேனாவையே வாங்கி எழுதினேன்:
கோகிலவாணி. சுத்தியல் இன்னும் இருக்கிறது.
அதில் வெல்லம் உடைக்கிறேன்.
ஞாயிறு பையில் கொண்டுவருகிறேன்.
பதினோராம் வளைவில் வண்டியை நிறுத்துங்கள்.
எனக்கு அங்கே பத்து நிமிஷம் வேண்டும்.

பையன் இரண்டு தடவை படித்தான்.
இதுல வேலை எங்கக்கா, குடும்பம் எங்கே?

அப்படியே போடு என்றேன்.